தடுப்பூசிக்கு ஏன் இந்த வயது?

இந்தியாவில் 1985-இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டத்தின்கீழ் குழந்தைகளுக்குத் தடுப்பூசிகள் இலவசமாகப் போடப்படுகின்றன. நோய் எந்த வயதில் தாக்கும், குழந்தையின் உடல் எந்த வயதில் எதிர்ப்பாற்றலை உருவாக்கும் என்ற இரண்டையும் பார்த்தே ஒவ்வொரு ஊசிக்கும் காலம் குறிக்கப்படுகிறது.

பிறந்ததும் பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி ஆகியவை தரப்படுகின்றன. ஹெபடைடிஸ் பி ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து அந்த வைரஸ் தொற்றினால், சுமார் 90 சதவீதக் குழந்தைகளின் உடலில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். பின்னாளில் கல்லீரலைக் கெடுக்கக்கூடும். பிசிஜி, மூளையுறைக் காசநோய் போன்ற கொடிய பாதிப்புகளைத் தடுக்கிறது. இடது கையில் ஊசி போட்ட இடம் சில வாரங்களில் சற்று வீங்கிப் புண்ணாகி, தானாகவே ஆறித் தழும்பாகும். மருந்து எதுவும் தடவ வேண்டாம்.

6, 10, 14 ஆகிய வாரங்களில் தொடையில் போடப்படும் பென்டாவேலன்ட் ஊசி தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, ஹெபடைடிஸ் பி, ஹிப் என்ற பாக்டீரியாவின் தொற்று ஆகிய ஐந்துக்கும் எதிரானது. கக்குவான் இருமல் பிறந்து சில மாதங்களே ஆன குழந்தைகளின் உயிரைத்தான் அதிகம் பறிக்கிறது. ஆகவே தாமதம் கூடாது. முதல் தவணையில் கிடைக்கும் எதிர்ப்பாற்றல் குறைவு. அடுத்தடுத்த தவணைகளே அதை வலுவாக்குகின்றன. இதே காலகட்டத்தில் போலியோ, ரோட்டா வைரஸ், நிமோகாக்கல் தடுப்பு மருந்துகளும் தரப்படுகின்றன.

தட்டம்மை-ருபெல்லா ஊசி 9 மாதம் முடிந்த பிறகே போடப்படுகிறது. கருவிலேயே தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புப் புரதங்கள், ஊசியில் உள்ள வலுக்குறைக்கப்பட்ட வைரஸையும் அழித்துவிடக்கூடும். அவை குறையும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அப்போதும் ஏறத்தாழ 85 சதவீதக் குழந்தைகளுக்கே தட்டம்மைக்கு எதிரான பாதுகாப்பு கிடைக்கும். பாதுகாப்பு கிடைக்காதவர்களுக்காகவே 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணை.

சரியான வயதில் போட்டாலும் மருந்து கெடாமல் இருந்தால்தான் பயன். பெரும்பாலான தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் வெளிர்நிறச் சதுரமும் இருக்கும். வெப்பம் படப்படச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்தைப் பயன்படுத்தக் கூடாது.

ஊசிக்குப் பின் ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் வலியும் இருப்பது இயல்பு. சாதாரணச் சளி இருந்தாலும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தவணை தவறியிருந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் ரோட்டா வைரஸ் போன்ற சிலவற்றுக்கு வயது வரம்பு உண்டு என்பதால், உடனே கிராம சுகாதார செவிலியரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அணுக வேண்டும்.