அகன்ற நெற்றியும் முடி நடுதலும்

நெற்றி அகன்றிருத்தல் வேறு. முடி பின்வாங்குதல் வேறு. கொச்சங்காடியிலும் அதனைச் சூழ்ந்த மட்டாஞ்சேரித் தெருக்களிலும் வாழும் நம் இளைஞர், முடி நடும் சிகிச்சையை நாடுமுன் இவ்வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். இளமையில் எடுத்த நிழற்படத்திலும் நெற்றி இதே அளவில் இருந்தால் அது பிறவி அமைப்பு. ஆண்டுதோறும் மேலேறி வந்தால் வழுக்கையின் தொடக்கமாகலாம்.

பின்னந்தலை முடியை இடம் பெயர்த்து நட்டாலும் அது தன் இயல்பை இழப்பதில்லை என்பதை நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். இன்றைய சிகிச்சைக்கும் அதுவே அடிப்படை. ஆயின் அச்செல்வம் அளவுடையது. வேரோடு எடுத்த இடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. இருபது வயதில் நெற்றியைத் தாழ்த்த அதனைச் செலவிட்டவர்க்கு, நாற்பதில் உச்சி வெறுமையாகும்போது கையிருப்பு இராது. நட்ட முடி மட்டும் முன்னே தீவுபோல் நிற்கும். ஆதலின் முடி உதிர்ந்துகொண்டிருப்பவர் முதலில் தோல் மருத்துவரைக் கண்டு, மருந்தால் அதனைத் தடுக்க முயல்வதே முறை எனக் கருதுகிறோம். பிறவி நெற்றியினர்க்கு இவ்வச்சம் குறைவு. பணமும் பொறுமையும் வேண்டும், அவ்வளவே. நட்ட முடி சில வாரங்களில் உதிரும். கண்டு கலங்க வேண்டா. மூன்று நான்கு திங்களில் மீண்டும் முளைக்கத் தொடங்கும். முழுப்பயன் தெரிய ஓராண்டு ஆகும்.

யார் கையில் தலையைக் கொடுப்பது? 2016-இல் சென்னையில் அழகு நிலையமொன்றில் இச்சிகிச்சை பெற்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே இதனைச் செய்தல் வேண்டும் என 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அறிவுறுத்தியது. விடுமுறையில் ஊர் செல்லும்போது மலிவாக முடித்து வரலாம் என எண்ணுவோர், அறுவை செய்பவரின் பெயரையும் பதிவெண்ணையும் எழுத்தில் கேட்டுப் பெறுக. தர மறுத்தால் திரும்பி வருக.