உஷார்! மருந்தடித்த வயல் தண்ணீர் ஊரணிக்குள் இறங்குகிறது

குடத்தை இறக்கி வையுங்கள் தாயே. இதைப் படித்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகலாம்.

புதுக்கோட்டைச் சீமையில் குடிதண்ணீர் ஊரணிக்குள் யாரையும் கால் நனைக்க விடமாட்டோம். ஆனால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துவாரி எந்த வயலை உரசிக்கொண்டு வருகிறது? அதை யாரும் பார்ப்பதில்லை. இன்று மருந்தடித்து, நாளை மழை பெய்தால், மண்ணோடு சேர்ந்து மருந்தும் வாரியில் இறங்கும். ஐப்பசி முதல் மழைதான் ரொம்ப ஆபத்து!

கேரளத்துக் காசர்கோட்டில் நடந்ததைக் கேளுங்கள். அரசு முந்திரித் தோட்டங்களில் 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தார்கள். தோட்டம் மேட்டில். வீடுகளும் ஓடையும் பள்ளத்தில். பத்ரே என்ற ஊரில் வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர், ஓடையை ஒட்டிய வீடுகளிலிருந்தே நோயாளிகள் அதிகம் வருவதைக் கவனித்தார். வலிப்பு. புற்றுநோய். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகள். உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை போட்டது 2011-ல். அதற்குள் ஒரு தலைமுறையே படுத்துவிட்டது.

நம் ஆதனக்கோட்டைப் பக்கமும் முந்திரிதான். 'இங்கே ஹெலிகாப்டர் வரவில்லையே' என்று அசந்துவிடாதீர்கள். முதுகில் டேங்கு மாட்டி அடித்தாலும் விஷம் விஷம்தான்.

எவ்வளவு கலந்தால் ஆபத்து? குடிநீரில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம். அதன் 36 சதவீதக் கரைசலில் 10 மில்லி எடுத்தால் ஏறத்தாழ மூன்றரை கிராம் விஷம். அது 35 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். சின்ன ஊரணி ஒன்று காலி! 2023-ல் மோனோகுரோட்டோபாஸைத் தடை செய்தாகிவிட்டது, சரி. மாட்டுக்கொட்டகையில் பழைய பாட்டில் செருகியிருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள். டேங்கை வாரியில் அலசுகிற ஆளை நிறுத்துங்கள். சொந்தத் தம்பியாக இருந்தாலும் சரி.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் விஷம் போகாதா? நம்பாதீர்கள். பிளீச்சிங் பவுடர் கிருமிக்குத்தான், மருந்தை எடுக்காது. பஞ்சாயத்தில் வைத்திருக்கும் சோதனைப் பெட்டியும் பூச்சிமருந்தைக் காட்டாது. குடிநீர் வடிகால் வாரியத்திடம் பூச்சிமருந்துப் பரிசோதனை வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுங்கள்.

மழைக்கு மறுநாள் மீன் செத்து மிதக்கிறதா? தவளைச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டதா? தண்ணீர் குடித்த ஆட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகுகிறதா? அந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். இது எதுவுமே இல்லாமலும் விஷம் இருக்கலாம், வாடையும் நிறமும் காட்டாமல்.

குடித்தவருக்கு வாந்தி, வியர்வை, எச்சில் வடிதல், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல், சதைத் துடிப்பு இருந்தால் உடனே 108. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்! அக்கம்பக்கத்து வயலில் அடித்த மருந்தின் பாட்டில் கிடைத்தால், லேபிளோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.