கையெழுத்து யாருடையது?

எனக்கு வயது 52. திருமானூரில் கொள்ளிடக் கரைப் பக்கம் வீடு. வயலும் இரண்டு கறவை மாடுமாகப் பொழுது போகிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், கோர்ட்டு வாசலை மிதித்ததே இல்லை. இவளுக்குச் சட்டத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எல்லாம் திருச்சியில் சட்டம் படிக்கும் என் அண்ணன் மகளால் வந்தது.

போன பொங்கலுக்கு வந்திருந்தவள், கரும்பைக் கடித்துக்கொண்டே ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அத்தை, உங்களுக்கு ஆபரேஷன் ஆச்சே, அன்னிக்குக் கையெழுத்துப் போட்டது யாரு?"

"உங்க மாமாதான். வேற யாரு போடுவா?"

"என்ன எடுக்கப் போறோம்னு உங்ககிட்ட சொன்னாங்களா?"

"கர்ப்பப்பையில கட்டி, எடுத்துடணும்னாங்க. அவ்வளவுதான்."

அது அவள் வகுப்பில் கொடுத்த வேலையாம். பாடம் எடுக்கும் அம்மா பல வருஷம் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு வக்கீலாக இருந்தவர். "கேஸ் என்று வந்தால் பைலில் நான் முதலில் தேடுவது கையெழுத்தைத்தான். அது இருந்தால் பாதி நிம்மதி. போட்டவருக்கு என்ன சொல்லிப் போட வைத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை" என்று வகுப்பில் வெளிப்படையாகச் சொன்னாராம். இப்போது அதே பைலை நோயாளியின் பக்கம் உட்கார்ந்து படிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அதனால்தான், அவரவர் வீட்டுப் பெண்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார்.

டிரங்குப் பெட்டியில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்த டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் இங்கிலீஷ். படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று கரும்பைக் கீழே வைத்தாள். "அத்தை, கர்ப்பப்பை மட்டும் இல்ல. ரெண்டு சினைப்பையையும் எடுத்திருக்காங்க" என்றாள்.

ஆபரேஷன் நடந்தது 2011ல். அப்போது எனக்கு 38 வயது. வீடு திரும்பிய சில வாரத்திலேயே ராத்திரியில் உடம்பு அனலாய்க் கொதிக்கும், ரவிக்கை நனைந்துவிடும். காரணமில்லாமல் அழுகை வரும். 44 வயதில் களத்துமேட்டில் லேசாகத்தான் வழுக்கி விழுந்தேன், மணிக்கட்டு உடைந்தது. "வயசாச்சுல்ல" என்றார்கள், நானும் நம்பினேன். மாதவிடாய் நிற்கும் முன்பே இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டால் மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லையெல்லாம் ஒரே நாளில் வந்துவிடும், எலும்பும் சீக்கிரம் பலம் இழக்கும் என்பதை அண்ணன் மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எடுத்ததற்குத் தக்க காரணம் இருந்திருக்கலாம், டாக்டரைக் குறை சொல்ல எனக்குப் படிப்பு கிடையாது. என் உடம்பிலிருந்து எடுத்ததை என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் மனசை அறுக்கிறது. அவரைக் கேட்டேன். "போடச் சொன்ன இடத்துல போட்டேன்" என்றார். பாவம், அவரும் படிக்கவில்லை.

இதேபோல டில்லியில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது. சமிரா கோலி வழக்கு என்று பெயர். 1995 மே மாதம் நிற்காத உதிரப்போக்குக்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர் அந்தப் பெண். 44 வயது, திருமணமாகாதவர். மயக்க மருந்து கொடுத்து உள்ளே கருவி விட்டுப் பார்ப்பதற்குத்தான் முக்கியமாகச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் கேட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. நோயைக் கண்டுபிடிக்கக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய பெண்ணுக்காகத் தாய் கொடுத்த சம்மதமும் செல்லாது என்றது. நஷ்டஈடு வெறும் 25,000 ரூபாய்தான், எனக்கு அது பெரிய மனக்குறை. ஆனால் பெற்ற தாய் சொன்னதே செல்லாது என்றால், புருஷன் போட்ட கையெழுத்து மட்டும் எப்படிப் போதும்?

நானும் கேஸ் போடலாமா என்று கேட்டேன். நுகர்வோர் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டுமாம். தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் மன்னிக்க இடம் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிகள் பழைய பைல்களை மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்பதால் இத்தனை காலம் கழித்துக் கிடைப்பது சந்தேகம். விட்டுவிட்டேன். மனசு விடவில்லை.

உங்களில் யாருக்காவது காலம் இன்னும் இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் காகிதங்களைத் தர வேண்டும் என்று 2002லேயே டாக்டர்களுக்கு விதி போட்டிருக்கிறார்கள். பணம் கட்டிப் பார்க்கும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்தில் வரும் என்று 1995லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாகிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு இது பொருந்தாது. 2019ல் வந்த புதுச் சட்டப்படி நம் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. வக்கீலுக்கு எங்கே போவது என்று பயப்பட வேண்டாம். பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். இத்தனை வருஷம் இதெல்லாம் நம் காதில் விழவே இல்லையே!

மாசி மாதம் என் ஓர்ப்படிக்கு அதே உதிரப்போக்கு. மாத்திரையில் நிற்கவில்லை, ஆபரேஷன் என்றார்கள். கூடப் போனேன். நர்சம்மா வழக்கம்போல் பாரத்தைக் கொழுந்தனாரிடம் நீட்டினார். "ஆபரேஷன் அவளுக்குத்தானேம்மா, அவகிட்ட குடுங்க. என்ன எழுதியிருக்குன்னு தமிழ்ல சொல்லுங்க" என்றேன். அந்தப் பொண்ணுக்கு முகம் சுருங்கிப் போச்சு. ஆனால் டாக்டரம்மாவே வந்து உட்கார்ந்து, எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம், வேறு வழி என்ன உண்டு என்று பொறுமையாகச் சொன்னார். "சினைப்பையை எடுக்க வேண்டாம், நல்லா இருக்கு" என்றும் சொன்னார். ஓர்ப்படி ஐந்தாவது வரை படித்தவள். பெயரை எழுத்துக் கூட்டி எழுத ரொம்ப நேரம் ஆனது. எழுதி முடித்துவிட்டு, "அக்கா, சரியா இருக்கா பாருங்க" என்றாள்.

கொழுந்தனார்தான் அதற்கப்புறம் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

- ஒரு வாசகி, திருமானூர்.