தீவுக்குத் தீவு - 9: மணல் அரைக்கும் மீன்

அனுமதிச் சீட்டுக்கு அலைந்ததும் லட்சத்தீவின் அகத்தியில் வந்து இறங்கியதும் போன வாரங்களிலேயே முடிந்துவிட்டன. இந்த வாரம் ஆமைகள் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் மணல்.

தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், எந்தத் தீவில் கால் வைத்தாலும் இது எதனால் ஆனது என்றுதான் முதலில் கேட்பேன். லட்சத்தீவில் மலை இல்லை, ஆறு இல்லை. 36 தீவுகளையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டர்தான். அடியில் எங்கோ ஆழத்தில் பழைய எரிமலைப் பாறை புதைந்து கிடக்கிறது. மேலே இருப்பதெல்லாம் பவளமும் சிப்பியும் நொறுங்கிச் சேர்ந்தது. நொறுக்கியது யார்? அலை என்று நினைத்திருந்தேன். அலையும்தான். ஆனால் அலைக்குப் பெரிய கூட்டாளி ஒன்று உண்டு.

அகத்திக்கு வடகிழக்கே சுமார் 8 கிலோமீட்டரில் பங்காரம். பக்கத்திலேயே தின்னகரை. இரண்டும் ஒரே பவள வளையத்துக்குள், ஒரே லகூனில் இருக்கின்றன. அங்கே கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டால் மீன் கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் கேட்கிறது. கரக், கரக் என்று யாரோ கல்லைக் கடிக்கிற சத்தம். திரும்பினால் பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாக ஒரு கிளிமீன் கூட்டம். அவை கடித்த இடமெல்லாம் பாறையில் வெள்ளைத் தழும்பு. கொஞ்ச தூரம் போனதும் ஒன்றின் வாலுக்குப் பின்னால் புகைபோல வெள்ளையாக ஏதோ கலைந்து இறங்கியது. அதுதான் மணல்.

கிளிமீனுக்குப் பாறை மேல் ஆசையில்லை. பாறையின் மேலும் உள்ளேயும் வளரும் பாசியும் நுண்ணுயிர்களும்தான் அதற்கு இரை. அவற்றுக்காகப் பாறையையும் சேர்த்துச் சுரண்டுகிறது. சுமார் ஆயிரம் பற்கள் வரிசை வரிசையாக ஒட்டி அலகு போல ஆகியிருக்கின்றன. முன்வரிசை தேயத் தேயப் பின்வரிசை வந்துகொண்டே இருக்கும். தொண்டைக்குள் இன்னொரு பல்தொகுதி, ஆட்டுக்கல் மாதிரி, கடித்ததை மாவாக அரைக்கிறது. இந்த மீனுக்கு இரைப்பையே கிடையாது. அரைத்தது குடலுக்குப் போய், சத்து போக மிச்சம் வெளியே வருகிறது.

இதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் டார்வின் குறுக்கே வந்தார். வாரம் முழுக்க அவரோடுதான் இருந்தேன்.

1836 ஏப்ரல் 1 அன்று பீகிள் கப்பல் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளுக்கு வந்து சேர்ந்தது. டார்வினுக்கு 27 வயது. எரிமலைத் தீவு மெல்ல அமிழ, அதன் விளிம்பில் பவளம் மேல்நோக்கி வளர்ந்து வளையமாகிறது என்ற யோசனை அவருக்குத் தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தபோதே, ஒரு பவளத்திட்டைக்கூடப் பார்ப்பதற்கு முன்பே உதித்துவிட்டது. அவ்வளவு பெரிய யோசனையோடு வந்தவர், கரையில் உட்கார்ந்து மீனை அறுத்துப் பார்த்திருக்கிறார்! மீன் கூட்டங்கள் பவளக் கிளைகளை மேய்கின்றன என்று தீவில் குடியிருந்த ஒருவர் சொல்ல, சில கிளிமீன்களின் குடலைத் திறந்தார். உள்ளே மஞ்சள் கலந்த சுண்ணாம்பு மணல் அடைந்திருந்தது.

அதோடு விடவில்லை. ஊர் திரும்பிய பிறகு தாய்மாமன் வீட்டு வயலில், முன்பு மேலே கொட்டிய சாம்பல் கட்டிகள் மண்ணுக்குள் இறங்கியிருப்பதைப் பார்க்கிறார். மண்புழுக்கள் கீழ்மண்ணைத் தின்று மேலே தள்ளியதால்தான் அவை புதைந்தன என்பது மாமாவின் ஊகம். 1837 நவம்பர் 1 அன்று லண்டன் புவியியல் கழகத்தில் வாசித்த கட்டுரையில் டார்வின் மண்புழுவையும் பவளம் தின்னும் மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வயலுக்கு மண் தருகிறது, மற்றது கடலுக்குச் சுண்ணாம்புத் தூள் தருகிறது. இரண்டும் குடல் வழியாக. மண்புழுவை அவர் கடைசி வரை விடவில்லை. 1881இல், இறப்பதற்கு முந்தைய வருஷம், அதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். பெயர் தெரியாத உயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கழித்தே நிலத்தை உண்டாக்குகின்றன என்ற எண்ணத்துக்குள் அவரை இழுத்துப் போனதில் அந்த மீன் குடலுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

மணலை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். நம் லட்சத்தீவு இருக்கும் அதே கடலடி மேட்டில்தான் மாலத்தீவும் இருக்கிறது. அங்கே வக்காரு தீவைச் சுற்றிச் செய்து 2015இல் வெளியான ஆய்வில், புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவீதத்துக்கு மேல் கிளிமீன்கள் தந்தது என்று கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் நெற்றி புடைத்த பெரிய வகை ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மீன் வருஷத்துக்கு 5 டன் வரை சுண்ணாம்பைச் சுரண்டுகிறது.

எங்கள் படகுக்காரர் மதியச் சாப்பாட்டுக்கு மாசி கொண்டுவந்திருந்தார். ராமேஸ்வரம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சூரையில் செய்த அதே மாசிக் கருவாடுதான். தேங்காயோடு சேர்ந்தால் வேறு எதுவும் வேண்டாம். அவருடைய அப்பா காலத்தில் தூண்டில் கழியோடு வெளிக்கடலுக்குப் போய்ச் சூரை பிடிப்பதுதான் தொழில் என்றார். மழைக்காலத்தில் கடல் விடாத நாட்களில்தான் திட்டு மீனைத் தேடுவார்களாம். சூரையை நம்பிய அந்தப் பழக்கம்தான் இத்தனை காலமும் கிளிமீன்களைக் காத்திருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் தட்டில் வண்ண மீன் கேட்காமல் சூரையே கேட்கலாம். பெலிஸ் நாடு 2009இலேயே கிளிமீன் பிடிக்கத் தடை போட்டுவிட்டது.

இதை இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் பரளி. பங்காரத்தின் அதே வளையத்தில் பரளி ஒன்று என்று ஒரு சிறு திட்டு இருந்தது. 1968இல் 0.032 சதுர கிலோமீட்டர். இப்போது அது இல்லை, கடல் முழுக்க அரித்துவிட்டது. 1998, 2010, 2016 என்று கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்த வருஷங்களும் இதே கடலில்தான். செத்த பவளத்தில் பாசி படரும். அதை மேய்ந்து, புதுப் பவளம் ஒட்ட இடம் பண்ணித் தருவதும் கிளிமீனே. ஆனால் பவளம் திரும்ப வளர்ந்தால்தான் அரைக்க ஏதாவது மிஞ்சும்.

ஆமைகளுக்கு இந்த வாரம் இடமில்லை. அகத்தி லகூனில் பச்சை ஆமைகள் கூட்டமாக வந்து கடற்புல்லை வழித்து மேய்ந்தது, மீனவர்கள் அவற்றின் மேல் கோபப்பட்டது, புல் தீர்ந்ததும் ஆமைகள் அடுத்த தீவைத் தேடிப் போனது, எல்லாம் அடுத்த வாரம்.