கதவு திறந்த நேரம்

சால்ஸ்பர்க்கிலிருந்து கொலோன் - பான் சென்ற ஜெர்மன்விங்ஸ் விமானம் பிற்பகல் 2.40-க்கு வந்திருக்க வேண்டும். சக்கரம் ஓடுபாதையைத் தொட்டபோது மணி 5.38. நிறுத்துமிடம் சேர்ந்தபோது 5.43. அந்த 5 நிமிடத்துக்காக ஒரு வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது.

காரணம், 3 மணி நேரம் என்ற எல்லைக்கோடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதிமுறை, விமானம் ரத்தானால் இழப்பீடு தரச் சொன்னது. 2009-இல் நீதிமன்றம் அதைத் தாமதத்துக்கும் நீட்டித்தது. 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை.

சரி, 'சேர்வது' என்றால் எது? கதவு ஒன்றாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்றாகும் நேரம்தான் என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. நியாயமான தீர்ப்பு. இருக்கையில் அடைபட்டிருப்பவர் இன்னும் ஊர் வந்து சேரவில்லையே!

மோசமான வானிலை போன்ற அசாதாரணச் சூழலில் இழப்பீடு கிடையாது. சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டல் அறையும் அப்போதும் உண்டு. வழக்கமான இயந்திரக் கோளாறைச் சாக்காகச் சொல்ல முடியாது.

சென்னையிலிருந்து ஃபிராங்ஃபர்ட் போகும் லுஃப்தான்சா பயணிக்கும் இந்த விதிமுறை பொருந்தும்.