உந்துவிசிறியில் வளரும் கடலுயிரிகளும் படகு எந்திரத்தின் திறனும்

படகின் நீருக்கு அடியிலுள்ள பகுதிகளில் பாசி, கொட்டலசு, குழாய்ப்புழு, சிப்பி போன்றவை ஒட்டி வளர்வது உயிரிப்படிவு எனப்படும். புரொப்பல்லர் எனப்படும் உந்துவிசிறியின் இதழ்களில் இப்படிவு ஏற்படும்போது எந்திரத்தின் மீதான சுமை கூடுகிறது. எரிபொருள் செலவு உயர்கிறது. படகின் வேகம் குறைகிறது. கரும்புகை, சூடேறுதல், சுற்று எண்ணிக்கை ஏறாமை என்று இதன் அறிகுறிகள் யாவும் எந்திரத்திலேயே தெரிவதால், பழுது எந்திரத்தில்தான் என்று கருதி அதைப் பிரித்துப் பார்ப்பவர் பலர்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வெதுவெதுப்பான துறைமுக நீரில் அசையாமல் நிற்கும் படகு இவ்வுயிரிகளுக்கு நல்ல இருப்பிடம். தடைக்காலத்தில் கரையேற்றிப் பழுது பார்க்கப்படும் படகுகள் தப்பித்துக்கொள்கின்றன. நீரிலேயே நிறுத்தப்பட்ட படகுகளில்தான் சிக்கல். அன்றாடம் கரையில் ஏற்றி வைக்கப்படும் கண்ணாடியிழைப் படகுகளுக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. எந்திரத்தின் நீண்ட தண்டோடு விசிறியும் நீரை விட்டு வெளியே வந்துவிடுகிறது.

ஒட்டும் உயிரிகள்

நீரில் மூழ்கிய எந்தப் பரப்பிலும் முதலில் நுண்ணுயிரிகளாலான வழுவழுப்பான படலம் உருவாகும். அதன் பின்னரே பாசியும் பெரிய உயிரிகளும் வந்து சேர்கின்றன. இவற்றுள் உந்துவிசிறிக்கு மிகுந்த கேடு செய்வது கொட்டலசு. சுண்ணாம்பு ஓடு இருப்பதால் இதைச் சிப்பி இனமென்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இது இறால், நண்டு ஆகியவற்றின் உறவான ஓட்டுடலி. சார்லஸ் டார்வின் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 8 ஆண்டுகளை இவ்வுயிரியை ஆராய்வதற்கே செலவிட்டார்.

கொட்டலசின் குடம்பி நீரில் மிதந்து திரிந்து, பல முறை தோலுரித்து, இறுதி நிலையில் தக்க இடம் தேடுகிறது. இடம் கிடைத்ததும் தலைப்பக்கத்தால் ஒட்டிக்கொண்டு, நீரில் கரையாத ஒருவகைப் பசையைச் சுரக்கிறது. பின்னர் தன்னைச் சுற்றிச் சுண்ணாம்புத் தகடுகளை எழுப்பிக்கொண்டு வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்கிவிடுகிறது. வேகமாக ஓடும் நீரில் குடம்பியால் ஒட்ட இயலாது. நாள்தோறும் கடலுக்குச் செல்லும் படகில் படிவு குறைவாகவும், நிற்கும் படகில் மிகுதியாகவும் இருப்பது இதனாலேயே.

சிறிய பரப்பு, பெரிய இழப்பு

படகின் அடிப்பகுதியோடு ஒப்பிட்டால் உந்துவிசிறியின் பரப்பு மிகச் சிறியது. ஆனால் இதழ்கள் நீரைக் கிழித்துச் செல்லும் வேகம் படகின் வேகத்தைப் போலப் பல மடங்கு. எடுத்துக்காட்டாக, 1 மீட்டர் விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 600 முறை சுழல்கிறது எனக் கொள்வோம். மையத்திலிருந்து நுனி நோக்கி பத்தில் ஏழு பங்கு தொலைவிலுள்ள இதழ்ப்பகுதி நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் நகரும். அப்போது படகு 8 நாட் வேகத்தில், அதாவது நொடிக்கு 4 மீட்டர் அளவில்தான் சென்றுகொண்டிருக்கும். நீரின் உராய்வு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், ஒரே அளவு பரப்பில், ஒரே அளவு சொரசொரப்பு படகின் அடியில் ஏற்படுத்தும் இழுவையைப் போல் ஏறத்தாழ 28 மடங்கை இதழில் ஏற்படுத்தும்.

இதழின் குறுக்குவெட்டு வானூர்தி இறக்கையைப் போன்றது. மழமழப்பான பரப்பின் மீது நீர் ஒழுங்காக வழிந்தோடினால்தான் முன்னோக்கிய உந்துவிசை கிடைக்கும். கொட்டலசுகள் அவ்வொழுக்கைக் கலைக்கின்றன. இதனால் இரு கேடுகள் ஒருங்கே நேர்கின்றன: விசிறியைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசை கூடுகிறது, அது தரும் உந்துவிசையோ குறைகிறது. கூடுதலாகக் கொடுத்துக் குறைவாகப் பெறும் நிலை இது. ஓடுகளின் விளிம்பில் நீரின் அழுத்தம் தாழ்ந்து ஆவிக்குமிழ்கள் தோன்றி வெடிப்பதும் உண்டு. இவ்வெடிப்பு நாளடைவில் உலோகத்தையே அரித்துக் குழியாக்கும்.

எந்திரம் காட்டும் அறிகுறிகள்

டீசல் எந்திரத்தில் சுற்று எண்ணிக்கையைக் காப்பது கவர்னர் எனும் கட்டுப்பாட்டுக் கருவி. சுமை கூடினால் அது தானாகவே கூடுதல் எரிபொருளைச் செலுத்தி, எந்திரத்தை அதே சுற்றில் ஓடவைக்கும். ஆகவே தொடக்கத்தில் ஓட்டுநருக்கு வேறுபாடு ஒன்றும் தெரியாது. டீசல் மட்டும் சற்று முன்னதாகத் தீரும். படிவு மேலும் வளர்ந்தால், முழு வேகத்தில் கவர்னர் தன் எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் கொடுக்க எரிபொருள் இல்லை. அப்போதுதான் சுற்று இறங்குகிறது. விசிறி கேட்கும் முறுக்குவிசை சுற்றின் இருமடிக்கு ஏற்ப மாறுவது. எனவே அத்தேவை 10 விழுக்காடு கூடினால், 1,800 சுற்று எட்ட வேண்டிய எந்திரம் ஏறத்தாழ 1,715-இல் நின்றுவிடும் என எளிய கணக்கில் கூறலாம்.

சுற்று இறங்கியும் எரிபொருள் முழு அளவில் செல்வதால், எரிவதற்குக் காற்று போதாமல் போகிறது. டர்போ பொருத்திய எந்திரங்களில் இக்குறை கூடுதலாகத் தெரியும். கரும்புகை வருகிறது, வெளியேறும் வளியின் வெப்பம் உயர்கிறது, வால்வுகளும் பிஸ்டன்களும் தாங்கவேண்டிய சூட்டைவிட மிகுதியான சூட்டில் உழைக்கின்றன. குறைந்த வேகத்தில் கனத்த வலையை இழுக்கும் இழுவைப் படகுகளில் எந்திரம் முன்னரே பெருஞ்சுமையில் ஓடுவதால் பாதிப்பு விரைவில் வெளிப்படும். படிவு எல்லா இதழ்களிலும் ஒரே சீராக இல்லாவிட்டால் அதிர்வு தோன்றி, தண்டின் தாங்கிகளும் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கும் தேயும்.

இவ்வறிகுறிகளில் சில வேறு காரணங்களாலும் வரக்கூடும். காற்று வடிகட்டி அடைத்தாலும் கரும்புகை வரும். எரிபொருள் வடிகட்டி அடைத்தால் சுற்று ஏறாது, ஆனால் பொதுவாகக் கரும்புகை இராது. குளிர்விப்புக்குக் கடல்நீர் எடுக்கும் துளையிலும் கொட்டலசு வளர்ந்து எந்திரம் கொதிக்கலாம். படகின் அடிப்பகுதிப் படிவா, விசிறிப் படிவா என்று பிரித்தறிய ஒரு வழி உண்டு. படகைத் துறையில் உறுதியாகக் கட்டிவிட்டு முழு விசையில் எவ்வளவு சுற்று வருகிறது எனப் பார்ப்பது. படகு நகராததால் அடிப்பகுதியின் இழுவை இங்கே கணக்கில் வராது. விசிறி தூய்மையாக இருந்தபோது இதே முறையில் குறித்துவைத்த எண்ணைவிடக் குறைவாக இருந்தால், குறை விசிறியிலோ எந்திரத்திலோதான். அந்த எண்ணை முன்னரே குறித்துவைத்தவருக்கே இது பயன்படும்.

வெண்கலத்தில் ஏன் வளர்கிறது?

செம்பு கடலுயிரிகளுக்கு நஞ்சு. மரக்கப்பல்களின் அடியில் முற்காலத்தில் செப்புத்தகடு வேய்ந்ததும் இன்றைய தடுப்பு வண்ணங்கள் பலவற்றில் செம்பு கலப்பதும் இதனாலேயே. உந்துவிசிறியும் பெரும்பாலும் செம்பு மிகுந்த வெண்கலத்தால் ஆனதுதான். அப்படியிருந்தும் அதில் கொட்டலசு வளர்வது முரணாகத் தோன்றும். காரணம், அரிப்பைத் தடுக்கப் படகில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகள். துத்தநாகம் தான் கரைந்து, தன்னோடு மின்தொடர்பிலுள்ள வெண்கலம் கரையாமல் காக்கிறது. செம்பு கரையாதபோது நஞ்சும் நீரில் கலப்பதில்லை. உலோகத்தைக் காக்கும் ஏற்பாடே உயிரிகளையும் காத்துவிடுகிறது! இதற்காகத் துத்தநாகத்தைக் கழற்றிவிடுவது கூடாது. அரிப்பால் வரும் இழப்பு அதைவிடப் பெரிது.

அடிப்பகுதிக்குப் பூசும் தடுப்பு வண்ணம் சுழலும் இதழ்களில் நெடுநாள் நிற்பதில்லை. நஞ்சில்லாத சிலிக்கோன் பூச்சுகள் இதற்கென இப்போது பயன்படுகின்றன. இவை உயிரிகளைக் கொல்வதில்லை. பிடிப்பைத் தளர்த்துவதால், விசிறி சுழலும்போது பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது. கடலுயிரிகளுக்குப் பெருங்கேடு விளைவித்த வெள்ளீயக் கரிமச் சேர்மம் கலந்த வண்ணங்களைக் கப்பல்களில் பயன்படுத்துவது பன்னாட்டு உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டுள்ளது. 2001-இல் ஏற்கப்பட்ட அவ்வுடன்படிக்கை 2008-இல் நடைமுறைக்கு வந்தது.

தூய்மைப்படுத்தல்

படகைக் கரையேற்றிச் செய்வதே சிறந்தது. ஓட்டைப் பெயர்த்த பின்னும் கொட்டலசின் அடித்தகடு வெள்ளை வட்டமாக உலோகத்தில் ஒட்டியிருக்கும். அதையும் தேய்த்து நீக்கவேண்டும். இல்லையெனில் சொரசொரப்பு நீங்காது. உளியும் சுத்தியலும் கொண்டு தட்டினால் இதழின் விளிம்பு மடங்கும். அரைப்பு எந்திரத்தை ஓர் இதழில் மட்டும் மிகையாகப் பயன்படுத்தினால் சமநிலை கெட்டு அதிர்வு தோன்றும். பெருங்கப்பல்களில் முக்குளிப்பவர்கள் கடலிலேயே விசிறியை மெருகேற்றுகின்றனர்.

நீரில் இறங்கிச் சுரண்டும்போது எந்திரம் நின்றிருப்பது மட்டும் போதாது. சாவி எடுக்கப்பட்டு, மின்கலத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். கீழே ஆள் இருப்பதை அறிந்த ஒருவர் மேலே இருக்கவேண்டும்.