மேற்கே போனவர்களின் கடிதங்களை எப்படி வாசிப்பது?

அமெரிக்காவின் மேற்குக் குடிப்பெயர்வைப் பற்றி அறிய, நான் சரித்திர நூல்களுக்கு முன்னால் தேடுவது கடிதங்களைத்தான். 1840க்கும் 1860க்கும் இடையில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் மாட்டு வண்டிகளோடு சுமார் 2,000 மைல் கடந்து ஒரிகன், கலிபோர்னியா, யூட்டா பக்கம் போனார்கள். அவர்கள் ஊரில் விட்டுவந்த சொந்தக்காரருக்கு எழுதிய கடிதங்களும் வழியில் எழுதிய நாட்குறிப்புகளும் இன்றும் கிடக்கின்றன. ஆனால் அவற்றை அப்படியே நம்பிவிட ஏலாது. யார் யாருக்கு எழுதியது? எப்போது எழுதியது? எங்கட கைக்கு வருமுன் வேறு யாருடைய கை அதில் பட்டது? இந்த மூன்றையும் கேட்டே ஆக வேண்டும்.

இதற்கு டொனர் குழுவின் காகிதங்கள் நல்ல உதாரணம். 1846இல் இலினோயின் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து புறப்பட்ட டொனர், ரீட் குடும்பங்களும் வழியில் சேர்ந்தோருமாக 87 பேர். லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் சொன்ன குறுக்கு வழியை நம்பினார்கள். அது நாட்களைத் தின்ற வழி. சியரா நெவாடாவில் பனி பாதையை மூடிவிட்டது. பாதிக்குச் சற்றுக் கூடுதலானோரே தப்பினார்கள். சிலர் இறந்தவர்களின் உடலை உண்டு பிழைத்தார்கள்.

அந்தப் பனிக்குள் இருந்தே பேட்ரிக் பிரீன் 1846 நவம்பர் 20 முதல் 1847 மார்ச் 1 வரை நாட்குறிப்பு எழுதினார். காற்று, பனி, விறகு, அவித்துத் தின்ற மாட்டுத்தோல், பிரார்த்தனை. அவ்வளவுதான். பக்கத்துக் குடிலில் பிணத்தை உண்ணப்போவதாகச் சொன்ன செய்தியையும் அதே தொனியில்தான் எழுதுகிறார். அழுகை ஒரு வரியும் இல்லை. அதனாலேயே அது மனதை உலுக்குகிறது.

வர்ஜீனியா ரீட் 13 வயதுப் பிள்ளை. தப்பிய பிறகு, 1847 மே 16இல், மாமா மகள் மேரிக்கு எழுதுகிறாள். எழுத்துப்பிழை நிறைய. பட்ட துன்பத்தில் பாதிகூட எழுதவில்லை என்கிறாள். குறுக்கு வழியில் போகவேண்டாம், விரைந்து வாருங்கள் என்று புத்தியும் சொல்கிறாள். ஆனால் தகப்பன் திடீரென்று முன்னால் போய்விட்டவராக வருகிறார். ஏன் என்று சொல்லவில்லை. வழியில் நடந்த சண்டையில் அவர் ஒருவரைக் கொன்றதால் குழு அவரை வெளியேற்றியிருந்தது. 1891இல், 44 வருடம் கழித்து எழுதிய நினைவுக் கட்டுரையில்தான் அவள் அதைச் சொல்கிறாள்.

அந்தக் கடிதத்தில் தகப்பனே இடையிடையே திருத்தம் எழுதியிருக்கிறார். அதே டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்ட் பத்திரிகை அதை இன்னும் செப்பனிட்டு அச்சிட்டது. பிரீனின் நாட்குறிப்பையும் கலிபோர்னியாப் பத்திரிகை ஒன்று மாற்றியே வெளியிட்டது. மூலப்பிரதிகள் இன்று பெர்க்லியின் பேன்க்ராஃப்ட் நூலகத்தில் இருப்பதால்தான் எதைக் கூட்டினார்கள், எதைக் குறைத்தார்கள் என்று ஒப்பிட முடிகிறது. பிழையோடு இருக்கும் பிரதியை வீசிவிட்டு அழகான பிரதியை மட்டும் வைத்திருந்தால், அந்தப் பிள்ளையின் குரலே போயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வண்டிகள் போனது வெறும் நிலத்தில் அல்ல, பிறருடைய மண்ணில். இக்கடிதங்களில் அந்த மக்கள் பெரும்பாலும் பயமாகவோ பண்டமாற்றாகவோதான் வருகிறார்கள். லகோட்டா மக்களிடம் வேறொரு பதிவு இருந்தது. ஆண்டுக்கு ஒரு படமாகத் தோலில் வரைந்து வைத்தார்கள். 1833இல் நட்சத்திரங்கள் கொட்டிய இரவு அப்படிப்பட்ட பல பதிவுகளில் இருக்கிறது. கடிதத்தை மட்டும் வாசிப்பவர் பாதையின் ஒரு கரையைத்தான் பார்க்கிறார். மறுகரையையும் பார்க்க இந்தத் தோலையும் பக்கத்தில் விரித்து வைக்க வேண்டும்.